தெய்வத்திடம் மட்டும் கணக்குக் கேட்டேன்

மாயக் கதைகளைப் பல ஆண்டுகள் நான் மதிக்கவில்லை. விண்கலம் வந்தால் அது சிந்தனை, மந்திரவாதி வந்தால் அது சிறுபிள்ளைச் சமாச்சாரம். இப்படித்தான் வாசித்தேன், மதிப்புரை எழுதினேன், எழுத வந்த இளையவர்களுக்கு ஆலோசனையும் சொன்னேன். ரசனை வேறுபாடு என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இதில் நேர்மைக் குறைவு இருந்தது.

நான் இயற்பியல் படித்தவன். ஒளியைவிட வேகமாக எந்தச் செய்தியும் போகாது. 1905இல் ஐன்ஸ்டைன் வெளியிட்ட சார்பியல் கொள்கை அதற்கு இடம் கொடுப்பதில்லை. ஆனால் அர்சுலா லெ குவின் 1966இல் ‘ரோகனன்ஸ் வேர்ல்ட்’ நாவலில் கொண்டுவந்த ‘ஆன்சிபிள்’ என்னும் கருவி பல ஒளியாண்டுகளைத் தாண்டி அந்தக் கணமே செய்தி அனுப்பியபோது, நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதே லெ குவின் 1968இல் வெளியிட்ட ‘எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ’யை ஆரம்பப் பக்கங்களிலேயே மூடிவைத்தேன். மந்திரப் பள்ளி, மந்திரக்கோல் என்றதும் அலுப்பு வந்துவிட்டது. வெகு காலம் கழித்து முழுதாகப் படித்தேன். அந்த மந்திரத்துக்குக் கறாரான விதிகள் இருந்தன. ஒன்றை ஆள வேண்டுமானால் அதன் உண்மைப் பெயர் தெரிந்திருக்க வேண்டும். ஓரிடத்தில் மழையை வரவழைத்தால் வேறோரிடம் வறண்டுபோகலாம். கர்வத்தால் செய்த ஒரு காரியத்தின் விலையைக் கதாநாயகன் கடைசிவரை சுமக்கிறான். ஆன்சிபிளிடம் இதில் பாதிக் கணக்குக்கூட கிடையாது.

தமிழ் வாசிப்பிலும் இதே கதைதான். வேதாளம் விடுகதை போடுவதையும் கிளி புத்தி சொல்வதையும் ஒதுக்கிவிட்டு, சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்ற இயந்திர நாய் பேசியபோது சொக்கிப்போனேன். ஜீனோ இன்றும் எனக்குப் பிடிக்கும். அதன் அறிவியலுக்காகவே பிடிக்கிறது என்று சொல்லித் திரிந்ததுதான் பொய். அதன் குறும்புக்காகவும் பாசத்துக்காகவும் பிடித்தது. கிளியிடமும் அதுதான் இருந்தது.

அறிவியல் புனைவுக்கும் மாயக் கதைக்கும் இடையிலான கோடு கலங்கியிருந்ததற்குச் சான்று என் அலமாரியிலேயே இருந்தது. ஆன் மெக்காஃப்ரியின் முதல் டிராகன் கதை 1967இல் வந்தது ‘அனலாக்’ இதழில். அறிவியலில் பிடிவாதம் மிக்க ஜான் கேம்பல் அந்த இதழின் ஆசிரியர். அடுத்த ஆண்டே அந்தக் கதைக்கு ஹ்யூகோ விருது. அந்த டிராகன்கள் வேறொரு கோளில் வாழ்கின்றன, ஒருவகைக் கல்லை மென்று அதிலிருந்து வரும் வாயுவால் நெருப்பு உமிழ்கின்றன. அதுவரை சரி. நொடியில் இடம்விட்டு இடம் தாவுவதற்கும் மனிதரோடு மனத்தால் பேசுவதற்கும் எந்த இயற்பியல் உண்டு? ஜீன் வுல்ஃபின் ‘தி புக் ஆஃப் த நியூ சன்’ வரிசையில் முதல் நூலுக்கு உலக மிகுபுனைவு விருது கொடுத்தார்கள், இரண்டாவதற்கு அறிவியல் புனைவு எழுத்தாளர்களின் நெபுலா விருதைக் கொடுத்தார்கள். ஒரே நாயகன், ஒரே கதை.

கோடே கிடையாது என்று நான் சொல்லவில்லை. ஹால் கிளெமென்டின் ‘மிஷன் ஆஃப் கிராவிட்டி’யில் ஒரு கோள் அதிவேகமாகச் சுழல்கிறது, அதனால் நடுக்கோட்டில் ஈர்ப்பு நம்முடையதைப் போல மூன்று மடங்கு, துருவங்களில் பல நூறு மடங்கு. கதை முழுக்க அந்தக் கணக்கிலிருந்தே பிறக்கிறது. அதை அறிவியல் புனைவு என்பதில் தடையில்லை. ஆனால் அப்படிப்பட்டவை சிலவே. நான் கொண்டாடிய பெரும்பாலானவை விண்வெளி உடுப்பு போட்ட மாயக் கதைகள். உடுப்பைத்தான் மதித்தேன்.

என்னளவில் நின்றிருந்தால் பரவாயில்லை. ஓர் இளம் எழுத்தாளர் தம் கதையை என்னிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டார். வறண்ட ஏரி; வீட்டுக்கு ஒரு நினைவை ஊர் அம்மனுக்குக் கொடுத்தால் அந்த அளவுக்கு நீர் ஏறும். யார் எதைக் கொடுப்பது, கடன் வாங்கிய நினைவைக் கொடுத்தவர் கடனிலிருந்து தப்பலாமா, இறந்த குழந்தையின் நினைவை ஒரு தாயிடம் கேட்கலாமா என்று ஊர்க்கூட்டம் விவாதிக்கும். அபாரமான கதை. நான் சொன்னேன்: “அம்மனை எடுத்துவிட்டு ஒரு கருவியை வையுங்கள்.” அவர் வைத்தார். கருவியை விளக்கவே பாதிக் கதை போயிற்று. ஊர்க்கூட்டம் காணாமல் போனது. நினைவு எப்படி நீராகும் என்று அம்மனிடம் கேட்ட நான் கருவியிடம் கேட்கவில்லை. இரண்டுமே ஆற்றல் அழிவின்மை விதியை ஒரே அளவு மீறுகின்றன என்பது எனக்குத் தெரியாததல்ல. கதை அச்சில் வந்தபோது பெருமைகூடப் பட்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று யோசித்துப் பார்த்தால், பயம்தான். தெய்வம் வரும் கதையைப் பாராட்டினால் மூடநம்பிக்கைக்குத் துணைபோகிறவன் என்பார்களோ என்ற பயம். பகுத்தறிவாளன் என்ற பெயரைக் காப்பாற்றிக்கொள்ள அடுத்தவருடைய கதையைப் பலி கொடுத்தேன். பகுத்தறிவு உண்மையில் அந்த ஊர்க்கூட்டத்தில்தான் இருந்தது: ஒரு விதியை ஏற்றுக்கொண்டு அதன் விளைவுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்த அந்த மனிதர்களிடம்.

அந்த எழுத்தாளரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். முதல் வடிவம் கையில் இருந்தால் அதையே வெளியிடுங்கள். என் ஆலோசனை தவறு. கதைகளைத் தேர்வு செய்யும் இடத்தில் இருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: விண்கலமா அம்மனா என்று பார்க்காதீர்கள். கதை தானே போட்டுக்கொண்ட விதிக்குக் கடைசிவரை கட்டுப்படுகிறதா என்று பாருங்கள்.