சொல்லாமற் சொல்லும் ஆசான்

மலர்க் குழுவினர் எம்மிடம் கட்டுரை கேட்டபொழுது, சங்கச் சான்றோரைப் பற்றியோ நாவலர் பெருமானைப் பற்றியோ ஏதேனும் வருமென்று எதிர்பார்த்திருப்பர். தமிழாசிரியர் ஒருவர் வீடியோ விளையாட்டைப் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு நகைப்பையும் சிலர்க்குச் சினத்தையும் விளைத்தல் கூடும். ஆயினும், சில ஆண்டுகளாக நாம் கையிற் பிடித்து ஆடிய பொருள் எம் தொழிலுக்கு மிக அணித்தாய் இருக்கக் கண்டமையால், அதனையே எழுதத் துணிந்தோம்.

இவ்விளையாட்டு எமக்கு வந்து சேர்ந்தது காலந்தாழ்த்தே. 1889ஆம் ஆண்டில் யப்பானியக் கியோற்றோ நகரிலே சீட்டுக்கட்டுச் செய்யத் தொடங்கிய நின்ரெண்டோ நிறுவனத்தார், 1983இல் ‘பமிலி கொம்பியூட்டர்’ என்னும் பெட்டியை விற்பனைக்கு விட்டனர். ரெலிவிசனோடு இணைத்து ஆடும் பெட்டி அது. பிற நாட்டுச் சிறுவர் அதன்முன் அமர்ந்து ஊண் மறந்திருந்த 1990களின் முற்பகுதியிலே, யாழ்ப்பாணத்தில் நாம் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தோம். மின்சாரமே இல்லாத ஊரில் ரெலிவிசனுக்கு ஏது வேலை? மின்சாரம் மீண்டு பல்லாண்டு சென்றபின், மருமகன் ஒருவன் கொழும்பிலிருந்து கொணர்ந்த போலிப் பெட்டி ஒன்றிலேதான் - ‘ரி.வி. கேம்’ என்றே பிள்ளைகள் அதனை வழங்குவர் - 1985இல் வெளிவந்த ‘சுப்பர் மாரியோ பிரதர்ஸ்’ என்னும் ஆட்டத்தை முதன்முதல் ஆடினோம்.

அவ்வாட்டத்தின் முதற் கட்டத்தைச் சற்று விரித்துரைக்க வேண்டும். மாரியோ என்பான் திரையின் இடப்புறத்தே நிற்கின்றான். வலப்புறம் வெறுவெளி. ‘இப்படிச் செல்’ என்று ஓர் எழுத்தேனும் இல்லை. எனினும் வலப்புறம் செல்லாத பிள்ளையை நாம் கண்டதில்லை. சில அடி சென்றதும் சிறு பகைவன் ஒருவன் எதிரே வருகின்றான். அவன் தீண்டின் மரணம். துள்ளி அவன் தலைமேல் விழுந்தால் அவனுக்கு மரணம். மேலே கேள்விக்குறி தாங்கிய கட்டிகள் தொங்குகின்றன. ஒன்றைத் தலையால் முட்டக் காளான் ஒன்று வெளிப்பட்டு வலப்பக்கமாக ஓடி, அங்குள்ள குழாயில் மோதி, திரும்பி ஆடுவோனை நோக்கியே வருகின்றது. அதன் வடிவோ முன்வந்த பகைவனை ஒத்தது. அஞ்சித் துள்ளினால், மேலுள்ள கட்டிகளில் தலை முட்டி, பெரும்பாலும் அக்காளானின் மீதே விழ நேரும். விழுந்தவன் இறப்பதில்லை, உருவிற் பெருக்கின்றான்! காளான் நன்மை தருவது என்பதை எவரும் சொல்லாமலே பிள்ளை அறிந்துகொண்டான்.

அக்கட்டத்தின் பிற்பகுதியில் இதனினும் நுட்பமான ஒன்றுண்டு. எதிரெதிராக இரண்டு படிக்கட்டுகள் வருகின்றன. நடுவே கெட்டியான நிலம். பாய்ந்து தவறினாலும் கேடில்லை. அதைக் கடந்தவுடன் அதே போன்ற இரு படிக்கட்டுகள். ஆனால் நடுவே குழி. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என ஆசிரிய கலாசாலையில் எமக்கு ஓதப்பட்டதை, அதனை ஆக்கிய சிகெரு மியமொற்றோ என்பார் மண்ணிலும் கல்லிலும் கட்டி வைத்துள்ளார்.

குறையும் உண்டு. ஒவ்வோர் உலகின் முடிவிலும் இளவரசியை மீட்டுவிட்டோம் என்று மகிழ்ந்து சென்றால், அவள் வேறொரு கோட்டையில் இருக்கின்றாள் என்று அறிவிக்கின்றனர். இவ்வாறு ஏழு முறை! ஏழு தவணை மாணாக்கரை இங்ஙனம் ஏய்க்கும் ஆசிரியரை எந்தப் பெற்றோர் பொறுப்பர்?

பிற்காலத்து ஆட்டங்கள் பலவற்றை மருமகன் வீட்டிலே ஆடிப் பார்த்தோம். அவற்றுட் பல, அடிக்கொரு அறிவித்தலும் அம்புக்குறியுமாக எம்மை நச்சரித்தன. 2012இல் வெளிவந்த ‘ஜேர்னி’ என்பது மட்டும் விலக்கு. பாலைநிலத்திலே, முகமறியாத இன்னோர் ஆடுநரோடு மலையை நோக்கிச் செல்வது அது. பேச வழியில்லை, மணியோசை போன்ற ஓர் ஒலியே எழுப்பலாம். ‘வா’, ‘நில்’, ‘இங்கே இருக்கின்றேன்’ யாவும் அவ்வோர் ஒலியே. சொல்லையே தொழிலாக உடைய எமக்கு அது சற்று அச்சத்தையும் தந்தது.

ஆயினும் எம்மை நெடுநாள் சிந்திக்க வைத்தது மாரியோவின் குழியேயாம். ஒரே குழியிலே இருபது முறை வீழ்ந்து, இருபத்தோராம் முறை முகங்கோணாது எழும் பிள்ளை, வகுப்பிலே ஒருமுறை பிழையாக விடை சொல்லி, ஏனையோர் சிரிக்கக் கேட்டபின், அத்தவணை முழுதும் வாய் திறவாதிருத்தல் ஏன்? ஆட்டம் இனிது, இலக்கணம் கசப்பு என்று விடுதல் எளிது, அது விடையாகாது. குழி எவரையும் நோக்கிச் சிரிப்பதில்லை. வீழ்ந்த காரணம் அக்கணமே கண்முன் தெரிகின்றது. மறுபடி பாய்தற்கு எவரிடமும் அனுமதி பெற வேண்டுவதில்லை. ஆட்டத்தில் வீழ்ந்தோன் இழப்பது சில நிமிடமே; சாதாரண தரப் பரீட்சையில் வீழ்ந்தோன் இழப்பது ஓராண்டு. இவ்வேறுபாட்டை நாம் மறந்திலோம். பரீட்சை மண்டபத்துக்கு வெளியேயும் ஏன் அதே அச்சம் என்பதே எம் வினா.

அண்மையில் பத்தாம் வகுப்பிற் புணரியல் கற்பிக்கையில் இதனைச் சோதித்தோம். சூத்திரம் ஓதாது, கரும்பலகையில் காசு, பாட்டு, பந்து என்று எழுதி, ‘இல்லை’ என்பதைச் சேர்க்கச் சொன்னோம். காசில்லை, பாட்டில்லை, பந்தில்லை எனப் பலரும் ஒருங்கே கூவினர். அடுத்துப் பசு என்று எழுதினோம். ‘பசில்லை!’ என்று வகுப்பே குழியில் வீழ்ந்தது. எல்லோரும் வீழ்ந்தமையால் சிரிப்பும் எல்லோருக்கும் பொதுவாயிற்று. பின்னர்ப் பசுவில்லை எனத் தாமே திருத்தி, சகரத்தின் முன் தனிக்குறில் ஒன்றே நிற்பதை ஒருவன் கண்டுரைத்தான். குற்றியலுகரமும் முற்றியலுகரமும் வேறுபடும் இடம் அதுவே.

எல்லாப் பிள்ளைகளும் அன்று விழித்தெழுந்தனர் என்று நாம் சொல்லோம். மூவர் வழமைபோல் யன்னலையே நோக்கியிருந்தனர். ஆனால் தவணை தொடங்கியது முதல் பேசாதிருந்த ஒருவன், பாடம் முடிந்து மணி அடித்தபின் மேசையருகே வந்து நின்றான்.

“சேர், ‘வு’ வல்லினமில்லையே. அப்படியெண்டால் ‘கதவு’ குற்றியலுகரமில்லை. பிறகேன் ‘கதவில்லை’ எண்டு வருகுது?”

முற்றியலுகரமும் ஒரோவழி அவ்வாறு கெடும் என்பதற்கு நன்னூலார் இடம் வைத்துள்ளார். அதனை அன்று நாம் சொல்லவில்லை. “தம்பி, அப்படி வாற வேறு சொல்லுகளையும் தேடிக்கொண்டு நாளைக்கு வா” என்றோம். மறுநாள் காலை பிரார்த்தனைக்கு முன்னரே, கொப்பித் தாளொன்றில் பதினொரு சொற்களோடு வந்து நின்றான். அவற்றுள் நான்கு பொருந்தின.