கருப்பட்டியை விட்டுட்டு வரல... கொடுத்துட்டு வந்தாங்க!

ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த சாயங்காலம். டியூஷன் முடிந்து வந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, வாடிப்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடை பெஞ்சுக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்த நாய்க்குட்டியைத் துப்பட்டாவில் சுற்றி வீட்டுக்குத் தூக்கி வந்தாள்.

"ஏத்தா, இருக்குற சீவனுக்குப் பாக்கவே இங்க ஆள் இல்ல. இது வேறயா?" என்று வாசலிலேயே மறித்தார் அப்பத்தா. பத்து நிமிடம் கழித்து, கொட்டாங்குச்சியில் பால் ஊற்றி வைத்ததும் அதே அப்பத்தாதான்.

பெயர் வைத்தது ஒன்றாம் வகுப்பு படிக்கும் தம்பி. நிறத்தைப் பார்த்து 'கருப்பட்டி' என்றான். அன்றிலிருந்து அவன் பள்ளி விட்டு வந்தால் பையை எறிவதற்கு முன்னால் அதைத் தூக்குவான். அது அவன் முகத்தை நக்கும். அவன் சிரிப்பான். அந்த வீட்டில் டி.வி சத்தம் குறைந்துபோனது அந்த நாள்களில்தான்.

மூன்றாவது வாரம் தும்மல் ஆரம்பித்தது. கண் சிவந்தது. மழைக்கால சளி என்று நினைத்தார்கள். தை மாதம் அறுவடை நேரத்தில் இருமல் கூடியது. வைக்கோல் தூசி என்று நினைத்தார்கள். சுற்றிலும் வயலும் தோப்புமாக இருக்கிற ஊரில் அப்படி நினைப்பதில் தப்பில்லை. ஆனால், ஒரு ராத்திரி இரண்டு மணிக்குப் பையன் எழுந்து உட்கார்ந்தான். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள்ளிருந்து விசில் சத்தம் வந்தது. பேச முடியவில்லை. அப்பா பைக்கை எடுத்தார். அம்மா பின்னால் உட்கார்ந்து பையனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நெபுலைசர் வைத்து மூச்சு சீரானபோது பொழுது விடிந்திருந்தது.

முடியில இல்ல, எச்சில்ல இருக்கு!

அடுத்த வாரம் மதுரையில் அலர்ஜி டாக்டரிடம் போனார்கள். பையனின் முன்கையில் வரிசையாகச் சொட்டு மருந்து வைத்து, ஒவ்வொன்றின் மேலும் லேசாகக் குத்தினார்கள். கால் மணி நேரம் காத்திருந்தார்கள். இரண்டு இடங்களில் கொசு கடித்த மாதிரி தடித்துச் சிவந்தது. ஒன்று, வீட்டுத்தூசியில் இருக்கும் உண்ணிப்பூச்சி. இன்னொன்று, நாய்.

"முடிய வெட்டி விட்டுட்டா சரியாகிடுமா டாக்டர்?" என்று கேட்டார் அம்மா.

பலரும் கேட்கும் கேள்விதான் இது. உண்மையில் அலர்ஜியைக் கிளப்புவது முடி அல்ல. நாயின் எச்சிலிலும், தோலிலிருந்து உதிரும் செதிலிலும், சிறுநீரிலும் இருக்கும் சில புரதங்கள். நாய் உடம்பை நக்கும்போது எச்சில் முடியில் காய்கிறது. அது நுண்ணிய தூளாகக் காற்றில் மிதந்து மெத்தை, சோபா, துணி என எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்கிறது. மொட்டை அடித்தாலும் எச்சில் இருக்குமே!

அக்கா விடவில்லை. கூகுளில் தேடி, 'அலர்ஜி தராத நாய்' என்று ஒரு பட்டியலையே எடுத்து வந்தாள். ஒபாமா அமெரிக்க அதிபரானபோது, மூத்த மகள் மலியாவுக்கு அலர்ஜி இருந்ததால்தான் 2009-ல் 'போ' என்ற போர்ச்சுகீசிய வாட்டர் டாக் வெள்ளை மாளிகைக்கு வந்தது என்பதையும் படித்திருந்தாள். அந்த மாதிரி நாய்க்கு மட்டும் ஒத்துக்கொள்ளும் என்றால், கருப்பட்டிக்கும் ஏதாவது வழி இருக்காதா என்பது அவள் கணக்கு.

அந்தக் கணக்கை 1989-லேயே ஒருவர் போட்டுப் பார்த்தார். ஆஸ்திரேலியாவில் வழிகாட்டி நாய்களை வளர்க்கும் அமைப்பில் இருந்த வாலி கான்ரன். ஹவாயில் பார்வையற்ற பெண் ஒருவருக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டது. ஆனால், கணவருக்கோ நாய் அலர்ஜி. லாப்ரடாரையும் பூடுலையும் இணைத்து மூன்று குட்டிகளை உருவாக்கி, அவற்றின் முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பினார் கான்ரன். கணவருக்கு ஒத்துக்கொண்டது ஒரே ஒரு குட்டி. ஒரே தாய் வயிற்றுக் குட்டிகளிலேயே இப்படி! அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் ஒரே ஒரு நாய் இருந்த 173 வீடுகளின் தூசியைச் சோதித்து 2011-ல் வெளியான ஆய்வும், 'அலர்ஜி தராத' இனம் என்று பெயர் வாங்கிய நாய்கள் இருந்த வீடுகளில் அந்தப் புரதம் குறைவாக இல்லை என்றே சொன்னது.

ஆனாலும் முயற்சி செய்தார்கள். கருப்பட்டியின் படுக்கை திண்ணைக்கு மாறியது. வாரம் இரண்டு முறை குளியல். தலையணை உறை, போர்வை எல்லாம் வெந்நீரில் துவைத்தார் அம்மா. பையனுக்கு இன்ஹேலர் தவறாமல் கொடுத்தார்கள். கொஞ்சம் குறைந்தது. ஆனால், ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டினால் அது நக்கும். ஆறு வயதுப் பிள்ளையை எத்தனை நேரம் காவல் காப்பது? அடுத்த மாதம் மறுபடியும் நெபுலைசர்.

"என்னாலதான் போகுதா?"

விஷயம் கேள்விப்பட்டு வந்த உறவுக்காரர் ஒருவர் சாதாரணமாகச் சொன்னார்: "இதுக்கு எதுக்கு இம்புட்டு யோசனை? சாக்குல போட்டு சிறுமல அடிவாரத்துல விட்டுட்டு வந்தா, அது பாட்டுக்குப் பொழச்சுக்கும்."

அக்கா அன்று சாப்பிடவில்லை. "டீக்கடைல அத யாரோ அப்படித்தான் விட்டுட்டுப் போனாங்க. நாமளும் அதையே செய்யறதா?" என்று மட்டும் கேட்டாள்.

வீட்டில் பழகிய குட்டிக்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. அந்தத் தெரு நாய்கள் அதைச் சேர்க்காது. வண்டிக்கு ஒதுங்கவும் தெரியாது. பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு பிராணியைத் தகுந்த காரணமில்லாமல் கைவிடுவது, 1960-ம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. முதல் முறைக்கு அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய்தான். தண்டனை சின்னது என்பதற்காகத் தப்பும் சின்னதாகிவிடுமா என்ன?

அன்றிரவு தம்பி கேட்டான், "என்னாலதான் கருப்பட்டி போகுதாம்மா?"

அம்மாவுக்குப் பதில் வரவில்லை. அப்பாதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அப்பத்தாவுக்குக் கத்தரிக்கா சேராதுல்ல? அதுக்குக் கத்தரிக்கா கெட்டதா? அப்பத்தா கெட்டவங்களா? அது மாதிரிதான்டா தம்பி. உன் மேலயும் தப்பில்ல, அது மேலயும் தப்பில்ல."

அவன் தலையாட்டினான். ஆனால், தூங்க வெகுநேரம் ஆனது.

நோட்டில் எழுதிய நிபந்தனைகள்

மறுநாள் அக்கா ஒரு நோட்டில் எழுதினாள். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டக் கூடாது. வீட்டில் இளைப்பு உள்ளவர்கள் இருக்கக் கூடாது. பாக்கித் தடுப்பூசிகளைப் போட வேண்டும். வயது வந்ததும் கருத்தடை ஆபரேஷன் செய்ய வேண்டும். பிடிக்காமல் போனால் தெருவில் விடாமல் திருப்பித் தர வேண்டும்.

மூன்று பேர் கேட்டு வந்தார்கள். 'காவலுக்குக் கட்டிப் போட' கேட்டவருக்கு அப்பாவே இல்லை என்று சொல்லிவிட்டார். கடைசியில் அமைந்தது சோழவந்தான் பக்கம் தென்னந்தோப்பில் குடியிருக்கும் வயதான தம்பதி. பிள்ளைகள் வெளியூரில். முதல் ஞாயிறு கருப்பட்டியைக் கூட்டிப்போய் பகல் முழுக்க அங்கே விட்டுப் பார்த்தார்கள். கோழிகளைப் பார்த்து முதலில் பயந்தது. பிறகு துரத்தியது. பிறகு அந்தப் பாட்டியின் காலடியிலேயே தூங்கிவிட்டது.

அடுத்த ஞாயிறு ஒப்படைத்தார்கள். தடுப்பூசி அட்டை, சாப்பாட்டுத் தட்டு, அது படுத்த பழைய பெட்ஷீட், கூடவே தம்பியின் கிழிந்த சட்டை ஒன்று. பழகிய வாசனை இருந்தால் புது இடத்தில் குட்டிக்குக் கொஞ்சம் தைரியம் வரும் என்று கால்நடை டாக்டர் சொல்லியிருந்தார்.

"கவலப்படாத பாப்பா, எம் பேரனாட்டம் பாத்துக்கிறேன்" என்றார் பாட்டி. பைக் கிளம்பியபோது கருப்பட்டி வேலிவரை ஓடிவந்தது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

நாய் போன மறுநாளே இளைப்பு போய்விடவில்லை. அந்தப் புரதம் வீட்டில் பல வாரங்கள், சில நேரம் மாதக்கணக்கில்கூடத் தங்கும். மெத்தையை வெயிலில் போட்டார்கள். திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்தார்கள். தரையை ஈரத்துணியால் துடைத்தார்கள். இன்ஹேலரை டாக்டர் சொல்லும்வரை நிறுத்தவில்லை. மெதுவாக, ராத்திரி விசில் சத்தம் இல்லாத நாள்கள் கூடின.

இப்போது மாதம் ஒரு ஞாயிறு அப்பாவும் அக்காவும் தோப்புக்குப் போகிறார்கள். திரும்பியதும் இருவரும் நேராகக் குளியலறைக்குத்தான். துணியில் ஒட்டி வருவது தம்பியின் மூச்சுக்குப் போய்விடக் கூடாது. குளித்து முடித்து வரும்வரை அவன் கதவுக்கு வெளியே நின்றுகொண்டே இருப்பான்.

"அக்கா, கருப்பட்டி வளந்துருச்சா?"

"ம்... உன் இடுப்பு உயரம்."

"என்னையத் தேடுச்சா?"

"உன் சட்ட மேலதான்டா இன்னும் படுக்குது."

அவன் விளையாடப் போய்விட்டான். அக்காதான் கொஞ்ச நேரம் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றிருந்தாள்.