காஞ்சியின் கண்ணாடி

காஞ்சீபுரத்துக்குப் போகிறவர்கள் இரண்டு காரியங்களை உத்தேசித்துப் போவார்கள்: ஒன்று ஸ்வாமி தரிசனம்; மற்றொன்று கலியாணப் பட்டு. நாமும் அப்படியே போனோம். ஆனால் திரும்பும்போது நம் மனத்தை நிறைத்திருந்தது திபெத்து தேசம்!

பிள்ளையார்பாளையத்தில் காலையிலேயே தறிச் சத்தம் கேட்டது. ஒரு வீட்டில் நின்று பார்த்தோம். உடல் ஒரு வர்ணம், கரை வேறு வர்ணம். இரண்டையும் இழைக்கு இழை பின்னிக்கொண்டே போகிறார்கள். இதற்குக் 'கோர்வை' என்று பெயர். "புடைவை கிழிஞ்சாலும் இந்த இடம் விடாதுங்க" என்றார் நெசவாளி. அவருடைய பிள்ளை தறியில் உட்காரவில்லை. தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டான்.

அங்கிருந்து கைலாசநாதர் கோயிலுக்குச் சென்றோம். ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது. அக்காலத்துப் பல்லவர் சபையில் விளங்கியவர் என்று அறிஞர்கள் கருதும் தண்டி, 'காவ்யாதர்சம்' என்னும் அலங்கார நூலைச் செய்தார். காவியத்துக்குக் கண்ணாடி என்பது பொருள். நம் தண்டியலங்காரம் அதன் வழியில் வந்ததே. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஷோங்தோன் என்ற திபெத்தியர், லக்ஷ்மீகரர் என்ற பண்டிதரின் துணையுடன் அதைத் தம் மொழியில் பெயர்த்தார். அது முதல் திபெத்தியப் புலவர்கள் காஞ்சிக் கண்ணாடியில்தான் முகம் பார்த்தார்கள்!

1950-ல் சீனக் கம்யூனிஸ்டுப் படை திபெத்தில் புகுந்தது. பழைய திபெத்தில் குடியானவர்கள் பிரபுக்களுக்கும் மடங்களுக்கும் உழைத்து மெலிந்தது உண்மையே. ஆனால் புதிய ஆட்சியில் நிலம் பெற்றவர்கள், சில ஆண்டுகளிலேயே அதைக் கம்யூனிடம் ஒப்படைக்க நேர்ந்தது. மடங்கள் மூடப்பட்டன. 1966-ல் தொடங்கிய கலாசாரப் புரட்சியில் ஏடுகள் தீக்கிரையாயின.

1959 மார்ச்சில் லாஸாவில் மூண்ட கிளர்ச்சி நசுக்கப்பட்டது. தலாய் லாமா இந்தியா வந்தார். அவரைத் தொடர்ந்து சுமார் 80,000 பேர் பனிமலைகளைக் கடந்து வந்தார்கள். பிக்ஷுக்கள் பலரை வங்காளத்துப் பக்ஸாவில் தங்கவைத்தார்கள். நம் தேசபக்தர்களை வெள்ளைக்காரர்கள் அடைத்துவைத்த அதே இடம்! அங்கே காசநோயில் பலர் மாண்டனர். எஞ்சியவர்கள் படிப்பை மட்டும் விடவில்லை.

பிறகு மைசூர் ராஜ்யம் பைலகுப்பேயில் காட்டு நிலம் கொடுத்தது. யானைகளுக்கு அஞ்சியபடியே மரம் வெட்டிச் சோளம் விதைத்தார்கள். லாஸாவின் ஸேரா மடம் அங்கே மறுபடி எழுந்தது. காஞ்சிக்கு ஒரு நாள் பிரயாண தூரந்தான்! பனிமலை ஏறிப்போன நம் கண்ணாடியும் அகதிகளோடு தாய்நாடு திரும்பிவிட்டது.

நூல் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். வீடு, வாசல், தேசம் எல்லாவற்றையும் இழந்தவர்கள் நம்மவர் எழுதிய நூலை அறுந்துபோகாமல் காத்தார்கள். ஒன்றையும் இழக்காத நாம், பிள்ளையார்பாளையத்து நூலைக் காக்கப்போகிறோமா? வாங்கிய பட்டுப்புடைவையை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் இதையே யோசித்தோம்.