முகத்தின் மீதான உரிமை

அறிமுகமற்றவர்களைப் படமெடுப்போர் இரு வகையினர். கேளாமல் எடுப்பவர்கள் ஒரு வகை. கேட்டு எடுப்பவர்கள் மற்றொரு வகை. முதல் வகையினரின் வாதம் எளிதில் புறந்தள்ளக்கூடியதல்ல. 'உங்களை ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா?' என்று கேட்ட மறுகணமே முகம் மாறிவிடுகிறது. அதுவரை அங்கிருந்த மனிதர் விலகி, படத்துக்கென வேறொருவர் வந்து நின்றுவிடுகிறார் என்பார்கள். அமெரிக்கப் புகைப்படக்காரர் வாக்கர் எவான்ஸ் 1938க்கும் 1941க்கும் இடையில் நியூயார்க் சுரங்க ரயில்களில், மேலங்கிக்குள் காமிராவை மறைத்து வைத்துக்கொண்டு எதிர் இருக்கையில் இருந்தவர்களைப் படமெடுத்தார். யாரும் தம்மைப் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில் மனிதர்கள் கழற்றி வைக்கும் முகமூடியே அவருக்கு வேண்டியிருந்தது. அவை நூலாக வெளிவந்தது 1966இல்தான்.

நான் இரண்டாம் வகை. மறைந்திருந்து எடுக்கும் துணிவு எனக்கில்லை என்பதே முதற்காரணம். கேட்டு எடுப்பதிலும் ஓர் உண்மை கிடைக்கிறது, அது வேறு வகை உண்மை என்பது பின்னால் புரிந்தது.

2014, 2015 ஆகிய இரண்டு ஆண்டுகளில், மதுரையில் இருந்த சனிக்கிழமைகளில் எல்லாம் புதுமண்டபத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வசந்த உற்சவத்துக்கென எழுப்பிய மண்டபம் அது. நான் போன காலத்தில் அது தையற்காரர்களின் மண்டபமாக இருந்தது. சிற்பத் தூண்களுக்கு நடுவே கால்மிதி தையல் இயந்திரங்கள். பாத்திரக் கடைகள், வளையல் கடைகள், பழைய புத்தகக் கடைகள். சித்திரைத் திருவிழா நெருங்கினால் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சும் பக்தர்களுக்கான உடைகள் அங்கே மலைபோலத் தைத்துக் குவிந்திருக்கும். இன்று அந்தக் கடைகள் அங்கில்லை; அருகிலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு அவற்றை மாற்றிவிட்டார்கள்.

படமெடுக்க வருபவனுக்கு அந்த மண்டபம் ஒரு கொடை. உள்ளே இருள், பக்கவாட்டிலிருந்து தூண்களின் இடைவெளி வழியே மட்டும் வெளிச்சம். பழைய ஸ்டுடியோக்கள் வடக்கு நோக்கிய ஜன்னல் வைத்துத் தேடிய ஒளி அங்கே இலவசமாகக் கிடைத்தது. 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றே என்னிடம் இருந்தது. அரை உருவம் சட்டத்துக்குள் அமைய வேண்டுமானால் ஆளிடமிருந்து ஒன்றரை மீட்டர் தொலைவில் நின்றாக வேண்டும். அது பேச்சுத் தொலைவு. பேசாமல் அங்கே நிற்க முடியாது.

எனக்கென மூன்று விதிகள் வைத்துக்கொண்டேன். கேட்காமல் எடுப்பதில்லை. ஒருவரை மூன்று முறைக்கு மேல் எடுப்பதில்லை. அடுத்து வரும்போது அவருடைய படத்தை அச்சிட்டுக் கையில் கொடுக்காமல் புதிதாக ஒருவரையும் எடுப்பதில்லை.

முதலில் ஒப்புக்கொண்டவர் எழுபதை நெருங்கிய ஒரு தையற்காரர். பனியனோடு இயந்திரத்தின் முன் குனிந்திருந்தார். கழுத்தில் அளவு நாடா. நான் கண்ட படம் அதுதான். அவரோ, "கொஞ்சம் இருங்க தம்பி, சட்டையப் போட்டுக்கிறேன்" என்று எழுந்தார். கழுத்துப் பொத்தான் வரை போட்டு, நாடாவைக் கழற்றி வைத்து, நெற்றியில் திருநீறு இட்டு, இரு கைகளையும் தொடையோடு ஒட்டி நின்றார். காமிராவை நேராகப் பார்த்தார். நான் கண்ட படம் போயிற்று. அவர் கொடுத்த படத்தை எடுத்துக்கொண்டேன்.

புகைப்படக் குழுக்களில் அந்தப் படத்தைக் காட்டியபோது விறைப்பாக இருக்கிறது, இயல்பாக இல்லை என்றார்கள். எனக்கு அந்தச் சொல்லின் மீதே ஐயம் உண்டு. பனியனோடு குனிந்திருப்பது அவருடைய இயல்பு, சட்டையோடு நிமிர்ந்து நிற்பது இயல்பல்ல என்று தீர்மானிக்க நான் யார்? ஸ்டுடியோவுக்குப் போவதைக் கோயிலுக்குப் போவது போலக் கருதிய தலைமுறை அது. அந்த விறைப்பு, தன்னைப் பற்றி ஒரு மனிதர் கொண்டிருக்கும் மதிப்பின் வடிவம்.

ஜெர்மானியப் புகைப்படக்காரர் ஆகஸ்ட் ஸாண்டர் இதை அறிந்தவர். தம் காலத்து மக்களை, விவசாயி முதல் வேலையற்றவர் வரை, தொழிலாலும் சமூக நிலையாலும் தொகுத்துவிட வேண்டும் என்று பல பத்தாண்டுகள் உழைத்தவர். தாம் எப்படி நிற்க வேண்டும் என்பதை அவருடைய மனிதர்கள் தாமே முடிவு செய்ததைப் போலத்தான் தோன்றுகிறது. அவசரமின்றி, காமிராவை நேர்கொண்டு நிற்கிறார்கள். அவற்றில் 60 படங்கள் 1929இல் நூலாயின. 1936இல் நாஜி அரசு அந்நூலின் அச்சுத் தகடுகளை அழித்தது. ஒரே அச்சில் வார்த்த இனம் என்று முழங்கியவர்களுக்கு, ஒருவரைப் போல் ஒருவர் இல்லாத 60 முகங்கள் உவப்பானவையாக இருந்திருக்க முடியாது.

ஆனால் முகங்களைத் தொகுப்பதற்கு இன்னொரு வரலாறும் நம் மண்ணிலேயே உண்டு. 1868 முதல் 1875 வரை, 'இந்திய மக்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் எட்டுத் தொகுதிகளை ஆங்கில அரசு வெளியிட்டது. ஒட்டிய புகைப்படங்கள், அருகே சாதி, இனக்குழு, அவர்களுடைய 'குணம்' பற்றிய குறிப்பு. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் தலையையும் மூக்கையும் கருவிகளால் அளந்தார். அவருடைய ஏழு தொகுதிகள் 1909இல் வந்தன. அந்தப் படங்களில் மனிதர்கள் நேராகத்தான் பார்க்கிறார்கள். ஆனால் அவர்களுக்குப் பெயரில்லை. வகை மட்டுமே உண்டு. "எதுக்குத் தம்பி எடுக்குறீங்க? கவர்மெண்டா?" என்று புதுமண்டபத்தில் என்னிடம் கேட்டவர்கள் தர்ஸ்டனைப் படித்தவர்களல்லர். ஆயினும் அந்தக் கேள்விக்கு நூற்றைம்பது வயது என்று நான் எண்ணிக்கொள்வேன்.

கேள்விக்கு என்னிடமிருந்த ஒரே பதில் அச்சிட்ட படம்தான். அடுத்த சனிக்கிழமை உறையிலிருந்து அதை எடுத்துக் கொடுத்ததும், அதுவரை மறுத்திருந்த பக்கத்துக் கடைக்காரர் எழுந்து வருவார். படம் வாங்கியவர் தன்னைப் பார்த்துக்கொள்ளும் அந்த அரை நிமிடம் இருக்கிறதே, அதை நான் எடுத்ததில்லை. அது எனக்குரியதல்ல என்று பட்டது.

இந்த வழியில் எனக்கு முன்னோடி மில்டன் ரொகோவின். அமெரிக்காவின் பஃபலோ நகரில் கண்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். 1957இல் கம்யூனிஸ்டு வேட்டை விசாரணைக் குழு அவரை அழைத்தது, வாடிக்கையாளர்கள் விலகினர், அவர் காமிராவைக் கையில் எடுத்தார். 1972 முதல் தம் ஊரின் ஏழ்மைப் பகுதி ஒன்றில் மக்களை அவர்கள் விரும்பியபடியே நிற்கவிட்டுப் படமெடுத்துப் பிரதி கொடுத்தார். பிறகு 1980களிலும் 90களிலும் 2000ஆம் ஆண்டை ஒட்டியும் அதே மனிதர்களைத் தேடிச் சென்று மீண்டும் எடுத்தார். 2011இல் தம் 101ஆம் வயதில் மறைந்தார். அந்நியர்களைப் படமெடுக்கத் தொடங்கியவர், திரும்பத் திரும்பப் போனதால் அவர்களை அந்நியர்களாக விட்டுவைக்கவில்லை.

திரும்பிப் போகாமையின் விலையைச் சொல்ல இன்னொரு படம் உண்டு. 1936 மார்ச்சில் டொரோதியா லாங்கே கலிஃபோர்னியாவின் நிபோமோவில் ஒரு தாயைப் படமெடுத்தார். பஞ்ச காலத்தின் முகமாக உலகமே அறிந்த படம் அது. லாங்கே அவர் பெயரைக் கேட்கவில்லை. ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற அந்தப் பெண் யாரென்று தெரியவந்தது 1978இல். அந்தப் படத்தால் தமக்கு ஒரு காசும் வரவில்லை என்றும், அதை எடுத்திருக்கவே வேண்டாம் என்றும் அவர் வருந்தினார்.

என் தொகுப்பில் 35ஆம் எண் ஒரு பெண்மணியுடையது. மண்டபத்துக்கு வெளியே பூக்கட்டி விற்றவர். ஐம்பது வயதிருக்கும். மல்லிகை நாரைப் பல்லில் கடித்திருந்தவர் அதை எடுத்துவிட்டு, சிரிக்காமல், ஆனால் சிரிப்புக்கு மிக அருகில் நின்று பார்த்த பார்வை அது. நான் எடுத்தவற்றிலேயே சிறந்த படம். அச்சிட்டுக் கொடுத்தபோது முந்தானையால் துடைத்து வாங்கிக்கொண்டார். சில மாதங்கள் கழித்து, இருபது படங்களை ஒரு சிறு அரங்கில் காட்சிக்கு வைக்க ஏற்பாடாயிற்று. முதலில் தேர்ந்தது அவருடையதைத்தான். சொல்லிவிட்டு வரலாமென்று போனேன்.

"தம்பி, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். மகளுக்கு நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டாரிடம் அம்மா வீட்டோடு இருப்பதாகத்தான் சொல்லியிருந்தார்கள். "எனக்கு வெக்கம் ஒண்ணும் இல்ல. இந்தப் பூவுலதான் அவளைப் படிக்க வச்சேன். ஆனா நாளைக்கு அவளை ஒரு சொல் சொல்லிரக் கூடாதுல்ல. யாருக்கும் காட்டாதீங்க."

சட்டம் என் பக்கம் நின்றிருக்கலாம். பொது இடம், சம்மதம் கேட்டே எடுத்தது. நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் ஃபிலிப்-லோர்கா டிகோர்சியா கேளாமல் எடுத்த படத்தில் தம் முகத்தைக் கண்ட ஒரு யூத முதியவர், அது தம் மத நம்பிக்கைக்கு மாறானது என்று வழக்குத் தொடுத்தார். அது கலை என்று கூறி 2006இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. இங்கே அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது என்றாலும், பூக்கடை அம்மாள் நீதிமன்றம் போகப் போவதில்லை. எனவே கேள்வி சட்டத்தைப் பற்றியதல்ல. ஒருமுறை கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற முடியுமா என்பதே.

நண்பர் ஒருவர் நடுவழி சொன்னார்: இப்போது காட்டாதே, அழிக்கவும் செய்யாதே, எவான்ஸ் கால் நூற்றாண்டு காத்திருக்கவில்லையா? அறிவார்ந்த யோசனைதான். ஆனால் கோப்பு என்னிடம் இருக்கும்வரை, எப்போது அது தீங்கற்றதாகிறது என்பதைத் தீர்மானிப்பவனும் நானாகவே இருப்பேன். அவரிடம் போய், என்னிடம் உள்ளதை அழித்துவிடுகிறேன், நீங்களும் கொடுத்துவிட விரும்பினால் கொடுத்துவிடுங்கள் என்றேன். சட்டென்று, "அய்யோ, அது என் பெட்டியில இருக்கட்டும் தம்பி" என்றார். அன்றிரவே கணினியில் இருந்ததையும் தனிவட்டில் இருந்த நகலையும் அழித்தேன். நண்பருக்கு இன்றுவரை உடன்பாடில்லை. ஒரு நல்ல படம் உலகத்துக்கு இல்லாமல் போயிற்று என்கிறார். உண்மைதான். ஆனால் படம் இல்லாமல் போகவில்லை. அது யாருடைய முகமோ அவரிடம் இருக்கிறது.

காட்சிக்கு 19 படங்கள் போயின. தையற்காரர் தம் பேரனோடு வந்து, சட்டையோடு நிற்கும் தம் படத்தின் முன் அதே சட்டையோடு நின்றார். இரண்டு ஆண்டுகளில் 61 பேரை எடுத்திருந்தேன். தொகுப்பில் இருப்பவை 60. எண்களை நான் மாற்றி அடுக்கவில்லை. 34க்குப் பின் 36 வருகிறது. நடுவில் ஏன் ஒன்று இல்லை என்று கேட்பவர்களிடம் அது கொடுத்தாகிவிட்டது என்று மட்டும் சொல்கிறேன்.