ஏரிக்கரையில் இரண்டு திராட்சைகள்

பென் யான் டைனருக்குள் நுழைந்தால் ரயில் பெட்டியில் ஏறியது போலிருக்கும். நீண்டு குறுகிய கூடம், ஒரு பக்கம் நெடுகச் சாப்பாட்டு மேடை, அதன் முன்னால் வரிசையாக முக்காலிகள். 1925ஆம் ஆண்டைச் சேர்ந்த உணவகம் இது. டைனர் என்ற வகையே சக்கரத்தில் பிறந்ததுதான். ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் 1872இல் வால்டர் ஸ்காட் என்பவர் குதிரை வண்டியில் வைத்து இரவுப்பணியாளர்களுக்குச் சாப்பாடு விற்றார். பின்னாளில் அத்தகைய வண்டிகளைத் தொழிற்சாலைகளே செய்து கொடுக்க, வாங்கியவர்கள் ஊருக்கு ஊர் இறக்கிவைத்துக் கடை நடத்தினார்கள்.

நியூயார்க் மாநிலத்தின் உள்நாட்டுப் பகுதியில், கியூக்கா ஏரியின் வட முனையில் இருக்கிறது பென் யான். பென்சில்வேனியாவிலிருந்து குடியேறியவர்களும் நியூ இங்கிலாந்தின் யாங்கிகளும் ஒன்றாகக் குடியிருந்ததால் வந்த பெயர். பர்க்கெட் மில்ஸ் என்ற பழைய மாவு ஆலையின் சுவரில் ராட்சதத் தோசைக்கல் ஒன்றை மாட்டி வைத்திருக்கிறார்கள். 1987இல் 28 அடி விட்டத்துக்கு ஒரு பான்கேக் சுட்ட கல் அது. மரக்கோதுமை மாவுதான் அந்த ஆலையின் அடையாளம். இந்தப் பக்கத்து டைனர்களில் அந்த மாவில் சுட்ட பான்கேக் கேட்டு வாங்க வேண்டிய பண்டம். கரும்பழுப்பு நிறம், லேசான கசப்பு, மேலே மேப்பிள் பாகு.

வார இறுதியில் இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் ஒயினுக்காக வருகிறார்கள். பனியாறுகள் செதுக்கிய பதினோரு ஏரிகள் விரல் விரலாக வடக்கு தெற்காக நீள்வதால் இந்த வட்டாரத்துக்கு ஃபிங்கர் லேக்ஸ் என்று பெயர். நூற்றுக்கும் மேற்பட்ட ஒயின் ஆலைகள் அந்த ஏரிகளின் சரிவுகளில் இருக்கின்றன. இவ்வளவு குளிரில் திராட்சை பிழைப்பதற்கு ஏரிகள்தான் காரணம். செனெகா ஏரியின் ஆழம் 618 அடி. கோடையில் வாங்கிய வெப்பத்தை அந்தத் தண்ணீர் எளிதில் விடுவதில்லை, குளிர்காலத்தில் உறைவதும் அபூர்வம். சரிவில் குளிர்காற்று கீழே வடிந்து போய்விடுகிறது. ஏரியை விட்டு மேலே நாலு மைல் போனால் மக்காச்சோளம்தான்.

அக்டோபரில் நான் போனபோது செனெகாவின் மேற்குக் கரையில் ரீஸ்லிங் என்ற ஐரோப்பியத் திராட்சையின் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. கொடி வரிசைகளுக்கு நடுவே குனிந்தபடி நகரும் ஆட்கள், கையில் வளைந்த சிறு கத்தரி, காலடியில் பிளாஸ்டிக் பெட்டி. குலையை இடது கையில் ஏந்தி, அழுகிய மணிகளை விரலால் தட்டிவிட்டு, காம்பை நறுக்கிப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். பேச்சு ஸ்பானிய மொழியில். பெரிய தோட்டங்களில் இந்த வேலையை இயந்திரமே செய்கிறது. வரிசைக்கு மேலே கவிழ்ந்தாற்போல் ஓடும் அது, கொடியை உலுக்கிப் பழத்தை உதிர்த்துக்கொண்டு போய்விடும். ஆனால் எது நல்ல குலை, எது பூசணம் பிடித்தது என்று அதற்குத் தெரியாது. அதனால் நல்ல ரீஸ்லிங் செய்ய நினைக்கிற பலர் இன்னமும் கையால்தான் பறிக்கிறார்கள்.

பறிப்பு முடிந்ததும் அடுத்த வேலை மண் அணைப்பது. ஐரோப்பியத் திராட்சையை அமெரிக்க வேரின் மேல் ஒட்டுக்கட்டித்தான் இங்கே வளர்க்கிறார்கள். அந்த ஒட்டு உறைந்து செத்தால் செடியே போயிற்று. எனவே குளிருக்கு முன்னால் டிராக்டர் ஏர் ஒவ்வொரு செடியின் அடியிலும் மண்ணை ஏற்றி ஒட்டை மூடுகிறது. வசந்தத்தில் அதே மண்ணை இழுத்துவிட வேண்டும். ஒரே செடியில் இரண்டு மூன்று தண்டுகளை விடுவதும் இந்த ஊர்ப் பழக்கம், ஒன்று பட்டுப்போனாலும் இன்னொன்று காய்க்கும் என்ற கணக்கில்.

ஜனவரி முதல் கவாத்து. முழங்கால் பனியில் நின்றபடி, முந்தைய ஆண்டு வளர்ந்த கொடியில் பெரும்பகுதியை வெட்டி எறிந்துவிட்டு நல்ல கொம்புகளை மட்டும் நிறுத்த வேண்டும். நம் கம்பம் பள்ளத்தாக்கில் கொடி தூங்குவதே இல்லை, கவாத்துச் செய்த கையோடு துளிர்க்கும். இங்கே கொடி மாதக்கணக்கில் தூங்குகிறது, அந்தத் தூக்கத்தில் அதற்கு வேலை செய்கிறவர்கள் மட்டும் விழித்திருக்கிறார்கள். எந்தக் கொம்பை விடுவது, எதை அறுப்பது என்பதை ஒவ்வொரு செடியையும் பார்த்த மாத்திரத்தில் முடிவு செய்ய வேண்டும். அடுத்த அக்டோபரின் விளைச்சல் அந்த நொடியில்தான் தீர்மானமாகிறது.

இந்த அளவு பாடுபட்டு ரீஸ்லிங்கை வளர்க்கலாம் என்று எழுபது ஆண்டுகளுக்கு முன்னால் இங்கே யாரும் நம்பவில்லை. கியூக்காவின் தென்முனையில் உள்ள ஹேமண்ட்ஸ்போர்ட்டில் 1829இல் வில்லியம் பாஸ்ட்விக் என்ற பாதிரியார் தேவாலயத் தோட்டத்தில் திராட்சை நட்டார். 1860இல் பிளெசன்ட் வேலி நிறுவனம் ஒயின் செய்யத் தொடங்கியது. எல்லாம் குளிர் தாங்கும் அமெரிக்க வகைகள், அவற்றின் வாரிசுகள்: கட்டாபா, டெலவேர், கான்கார்ட். நெடி தூக்கலான, இனிப்பான ஒயின்.

இதை மாற்றியவர் கான்ஸ்டன்டின் ஃபிராங்க். உக்ரைனில் பிறந்த ஜெர்மன் வழித்தோன்றல், திராட்சை அறிவியலில் முனைவர். 1951இல் அமெரிக்கா வந்தபோது அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நியூயார்க் நகரத்து உணவகத்தில் பாத்திரம் கழுவினார். பிறகு அதே மாநிலத்தின் ஜெனீவா ஊரில் உள்ள வேளாண் ஆய்வு நிலையத்தில் களை கொத்துகிற வேலை கிடைத்தது. உக்ரைனில் இதைவிடக் கொடிய குளிரில் ஐரோப்பியக் கொடிகளை வளர்த்திருக்கிறேன், இங்கே ஏன் முடியாது என்று அவர் கேட்டதை அங்கே யாரும் பொருட்படுத்தவில்லை. கோல்டு சீல் ஆலையின் தலைவர் சார்லஸ் ஃபோர்னியே காது கொடுத்தார். ஷாம்பேன் வட்டாரத்திலிருந்து வந்தவர் அவர், இருவரும் பிரெஞ்சில் பேசிக்கொண்டார்கள். சீக்கிரம் முதிரும் வேர்க்கொடிகளைத் தேடி கனடாவின் கியூபெக் வரை போனார்கள். 1957 குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 30 டிகிரி செல்சியஸையும் தாண்டி இறங்கியது. ஃபிராங்கின் கொடிகள் பிழைத்தன. 1962இல் கியூக்கா கரையில் சொந்த ஆலை தொடங்கினார்.

சிறு ஆலைகள் பெருகியது அதற்கும் பிறகுதான். பெரிய நிறுவனங்கள் கலிஃபோர்னியாவிலிருந்து மலிவாகச் சரக்கு எடுக்கத் தொடங்க, உள்ளூர்த் திராட்சை விலை படுத்தது. 1976இல் மாநில அரசு கொண்டுவந்த பண்ணை ஒயின் ஆலைச் சட்டம், விவசாயி தன் தோட்டத்திலேயே ஒயின் செய்து வருகிறவர்களுக்கு நேரடியாக விற்க வழிசெய்தது. களஞ்சியங்கள் சுவைக்கூடங்கள் ஆயின. மறு ஆண்டே டெய்லர் ஒயின் நிறுவனத்தைக் கோகோ கோலா வாங்கியது. அதன் நிறுவனரின் பேரன் வால்டர் டெய்லர் தன் புல்லி ஹில் ஆலையின் பாட்டில்களில் குடும்பப் பெயரைப் போடக் கூடாது என்று நீதிமன்றம் தடுத்தது. அவர் சீட்டுகளில் தன் பெயரைக் கறுப்பு மையால் அடித்துவிட்டு விற்றார், விற்பனை கூடியது.

சுவைக்கூடத்தில் நான்கைந்து ஒயின்களை ஒவ்வொரு வாயளவு ஊற்றித் தருகிறார்கள். துப்புவதற்கு ஒரு வாளி உண்டு. வண்டி ஓட்டுகிறவர் அதைப் பயன்படுத்துவதே உத்தமம். ஒரே ரீஸ்லிங்கில் சொட்டு இனிப்பில்லாததும் தேன்போல் திரண்டதும் வரும். பாட்டிலின் பின்பக்கச் சீட்டில் இனிப்பின் அளவைக் காட்டும் கோடு ஒன்று அச்சாகியிருக்கும். இனிப்பில்லாததிலிருந்து தொடங்குவது முறை. முதல் வாயில் எலுமிச்சைப் புளிப்பு பல்லைக் கூசவைக்கும். பழம் குளிரில் மெல்லப் பழுப்பதால் புளிப்பு அதில் தங்கிவிடுகிறது, அந்தப் புளிப்புக்காகத்தான் உலகம் இந்த ரீஸ்லிங்கை வாங்குகிறது.

ரீஸ்லிங் வந்ததும் கான்கார்ட் மறைந்துவிடவில்லை. அது சுவைக்கூடத்திலிருந்து அடுப்படிக்குப் போனது. கனண்டைக்வா ஏரிக்குத் தெற்கே நேப்பிள்ஸ் என்ற சிற்றூரில் செப்டம்பர் வந்தால் வீட்டு வாசல்களில் எல்லாம் மாவுக்கூட்டில் திராட்சைக் கூழ் வைத்துச் சுட்ட ‘பை’ (pie) விற்கிறார்கள். 1960களில் ரெட்வுட் உணவகத்தை நடத்திய அல் ஹாட்ஜஸ் தன் கடைக்காக அதைக் கேட்க, ஐரீன் பூஷார்ட் சுட்டுக் கொடுத்தார். அதிலிருந்து ஊரே கற்றுக்கொண்டது.

செய்முறை விரல்களுக்கு வேலை. கான்கார்ட் மணியை அழுத்தினால் தோல் தனியே கழன்று, பச்சைச் சதை நழுவி வெளியே வரும். நம் பெங்களூர் நீலத் திராட்சையும் இதே லாப்ரஸ்கா இனம்தான், அதைத் தின்றவர்களுக்கு இந்த நழுவல் பழக்கம். தோலை ஒரு பாத்திரத்தில், சதையை இன்னொன்றில் போடுகிறார்கள். சதையைக் கொதிக்கவைத்துச் சல்லடையில் தேய்த்து விதையை எடுக்க வேண்டும். பிறகு தோலைத் திரும்பச் சேர்த்தால் வெளிறிய கூழ் கண்ணெதிரே ஊதாவாக மாறும். சர்க்கரை, கொஞ்சம் மாவு, கீழே ஒரு மாவுத்தகடு, மேலே இன்னொன்று, அடுப்பு. பருவத்தில் நாள் முழுக்கத் தோலுரிக்கிற பெண்களின் விரல்நுனிகள் ஊதா நிறத்திலேயே இருக்கும்.

பென் யானைச் சுற்றி எழுபதுகளில் பென்சில்வேனியாவிலிருந்து வந்து நிலம் வாங்கிய, மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பங்களும் திராட்சை பயிரிடுகின்றன. குதிரை வண்டியில் போகிற அவர்கள் ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதில்லை. வார இறுதிப் பயணி சனிக்கிழமையே திராட்சைப் ‘பை’ வாங்கிவிடுவது நல்லது.

கொடி வரிசைகளில் நிற்பவர்களுக்கு ஞாயிறு அப்படி உறுதியாக வருவதில்லை. 1938இன் மத்தியத் தொழிலாளர் சட்டம் பண்ணைத் தொழிலாளருக்கு மிகைநேரக் கூலியை விட்டுவிட்டது. நியூயார்க் மாநிலம் 2019இல் இயற்றிய சட்டம்தான், 2020 ஜனவரி முதல், அவர்களுக்கு வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வையும் 60 மணி நேரத்துக்கு மேல் ஒன்றரை மடங்குக் கூலியையும் தந்தது. அந்த 60, 2024இல் 56 ஆனது. 2032இல் 40 ஆக வேண்டும். செலவு தாங்காது என்கிறார்கள் தோட்டக்காரர்கள். கூடுதல் மணிநேரத்தை வெட்டினால் வேறு மாநிலம் போக வேண்டியதுதான் என்ற கவலை தொழிலாளர்களிலும் உண்டு.

ஓய்வுநாள் முடிந்தவரை வழிபாட்டு நாளாக இருக்கட்டும் என்கிறது சட்டம். மழையால் வேலை நின்றால் அந்த நாளையே ஓய்வாகக் கணக்கிடலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஞாயிறு பிற்பகல் நான் கிளம்பியபோது செனெகாவின் மேற்குக் கரையில் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை மழை என்று வானிலை அறிவிப்பு, மேட்டுப் பக்கத்தில் இன்னும் சில வரிசைகள் பாக்கி.