மலையேறும் வண்டியில் மஞ்சள் விளக்கு

கூடலூரைக் கடந்து லோயர் கேம்ப்பில் மலையடிவாரத்தை அடையும் லாரி எதுவாயினும், குமுளியை எட்டும் முன்பே தன் உடல்நிலையை உள்ளபடி சொல்லிவிடும். கம்பம் வரையில் சமவெளியில் செவ்வனே ஓடிவந்த வண்டி, மாதா கோவில் வளைவில் மூச்சு வாங்குவதையும், இரைச்சல் பாலத்தருகே ஓரம் கட்டி நிற்பதையும் நாம் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள குமுளிக்குப் பாரத்துடன் ஏறுவது எஞ்சினுக்கு ஒரு பரீட்சையே ஆகும்.

எல்லைக்கு இப்பால் வந்து குடியமர்ந்த நம் குடும்பங்களில் ஏலத்தோட்ட வேலைக்கு அடுத்தபடியாகப் பலருக்குச் சோறு போடுவது வண்டித் தொழில். பள்ளத்தாக்கிலிருந்து காய்கறியும் அரிசியும் மேலே வருகின்றன. ஏலமும் மிளகும் கீழே போகின்றன. ஆகவே, ஓட்டுநரின் முன்னே எரியும் சிறு விளக்குகளைப் பற்றி எழுதுவது பட்டறைக்காரருக்கு மட்டும் உரிய செய்தி என்று அன்பர்கள் தள்ளிவிடலாகாது. அவ்விளக்கைச் சரியாகப் படித்தறிவதில் ஒரு வீட்டின் மாதச் சம்பளமே அடங்கியிருக்கிறது.

முந்தைய லாரிகளில் இவ்விளக்குகள் இல்லை. ஓட்டுநர் காதால் கேட்டார், புகையின் நிறத்தைப் பார்த்தார், அவ்வளவே. இன்றைய வண்டிகள் அவ்வாறல்ல. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிக்கு உட்பட்டவற்றில் டீசலின் அழுத்தம், வெப்பம், புகை ஆகிய யாவற்றையும் மின்னணுப் பெட்டியொன்று கண்காணிக்கிறது. சாவியைத் திருப்பியதும் விளக்குகள் ஒருமுறை எரிந்து அணைய வேண்டும். அது விளக்குகளின் சோதனை. அப்போதும் எரியாத விளக்கு நோயில்லாமைக்கு அடையாளமன்று. பல்பு போயிருக்கலாம், வண்டியை விற்ற புண்ணியவான் கம்பியைப் பிடுங்கியும் இருக்கலாம். மஞ்சள் எனில் விரைவில் கவனிக்க வேண்டும்; சிவப்பு எனில் பத்திரமான இடம் பார்த்து உடனே நிறுத்த வேண்டும்.

கம்பத்தில் எரியாத விளக்கு கொண்டை ஊசி வளைவில் எரிவானேன்? காரணம் எளிது. ஏற்றத்தில் எஞ்சின் மிகுதியாக டீசல் கேட்கிறது. ஃபில்டர் பாதி அடைபட்டிருப்பின் சமவெளிக்குப் போதுமான டீசல் கசிந்து வரும், மலைக்குப் போதாது. அழுத்தம் குறைந்ததைப் பெட்டி உணர்ந்து எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கை ஏற்றுகிறது. சில வேளை எஞ்சினின் வலுவையும் தானே குறைத்துக்கொள்கிறது. எனவே ஏற்றத்தில் மட்டும் இந்த விளக்கு எரிந்தால் முதலில் ஐயப்பட வேண்டியது ஃபில்டரையே. விலை மிகுந்த பம்பைக் கழற்றச் சொல்லும் பட்டறைக்காரரிடம், "ஃபில்டரை மாற்றிப் பார்த்தீரா?" என்று கேட்டுவிட்டு மேலே பேசுக.

இனி, ஃபில்டர் உருவத்தின் கீழே நீர்த்துளி வரைந்த விளக்கு. டீசலில் நீர் கலந்திருக்கிறது என்பதே அதன் பொருள். 1895 முதல் பெரியாற்று நீர் இம்மலையைக் குடைந்து பள்ளத்தாக்கிற்கு இறங்குகிறது; அந்நீர் வயலுக்கு உயிர். டீசல் தொட்டியிலோ நீர் நஞ்சாகிறது. குமுளிக் குளிரில் பாதி காலியான தொட்டியை இரவெல்லாம் நிறுத்தினால், உள்ளிருக்கும் காற்றின் ஈரம் பனித்து நீராகும். மூடி சரியில்லாவிடில் மழை நீரும் இறங்கும். நீர் டீசலைவிடக் கனமானது, அடியில் தங்கும். பிரிகலத்தின் அடியிலுள்ள உணர்கருவியை நீர் தொட்டதும் மின்சாரம் பாய்ந்து விளக்கு எரிகிறது. டீசல் மின்சாரத்தைக் கடத்தாது.

செய்ய வேண்டியது கடினமன்று. சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சக்கரத்திற்குக் கட்டை வைத்து, பிரிகலத்தின் அடித் திருகைத் தளர்த்துக. நீர் முழுதும் வடிந்து தெளிந்த டீசல் வரும் வரை ஒரு பாத்திரத்தில் பிடித்து, திருகை மூடி, கைப்பம்பை அது இறுகும் வரை அடித்துப் பின் எஞ்சினை எழுப்புக. சிறிது தூரத்திலேயே விளக்கு மீண்டும் எரிந்தால் தொட்டி முழுவதும் நீர் என்று பொருள். அவ்வண்டியை அதற்கு மேல் ஓட்டலாகாது. இரவில் தொட்டியை நிரப்பி நிறுத்துவதும், பங்கில் டேங்கர் இறக்கும் நேரத்தில் டீசல் பிடிக்காதிருப்பதும் செலவில்லாத காப்புகள்.

இங்கே பழம் ஓட்டுநர்களுக்கு ஒரு வார்த்தை. எஞ்சின் ஓடும்போதே நாசில் குழாயின் நட்டைத் தளர்த்திக் காற்று எடுப்பதும், எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று பார்ப்பதும் அவர்கள் கைவந்த கலை. புதிய வண்டியில் அதைச் செய்யவே கூடாது. பொதுக்குழாயில் அடைபட்டிருக்கும் டீசலின் அழுத்தம் 1,600 பாரையும் தாண்டும்; லாரி டயரின் காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 200 மடங்கு. அந்தத் தாரை தோலைத் துளைத்து உள்ளே புகும். வெளியே ஊசி குத்தியது போன்ற புள்ளிதான் தெரியும். உள்ளே சதை அழுகிக் கையையே எடுக்க நேரிடலாம். அவ்வாறு நேர்ந்தால் வலியில்லை என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

டீசல் குறைவைக் காட்டும் விளக்கையும் மலையில் அலட்சியம் செய்யலாகாது. ஏற்றத்தில் மிச்ச டீசல் தொட்டியின் ஒரு பக்கம் சாயும்; குழாய் காற்றை உறிஞ்சும்; வளைவின் நடுவில் எஞ்சின் நின்றுவிடும். மண்டல காலத்தில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் வரிசையாக வரும்போது அங்ஙனம் நின்ற லாரியின் ஓட்டுநர் கேட்கும் ஏச்சு பன்மொழிப் புலமை வாய்ந்தது! நீல மூடித் தொட்டியின் விளக்கு டீசலைப் பற்றியதன்று. புகையைத் தூய்மைப்படுத்தும் யூரியாக் கரைசலைப் பற்றியது. அதில் நீரையோ, டீசல் தொட்டியில் அதையோ ஊற்றிவிட்டால் செலவு பெரிது.

நம்மவருள் ஓர் இளைஞர், மூன்று பிள்ளைகளின் தந்தை, சென்ற ஆண்டு நீர்த்துளி விளக்கு எரியக் கண்டு உரிமையாளருக்குத் தொலைபேசியில் சொன்னார். "சரக்கு அழுகிவிடும், ஓட்டு" என்று பதில் வந்தது. ஓட்டினார். நூலிழையினும் நுண்ணிய இடைவெளியில் இயங்கும் இன்ஜெக்டர்களுக்கு டீசலே மசகு. நீர் அம்மசகைக் கெடுத்துத் துருவும் ஏற்றும். இரண்டு இன்ஜெக்டர்கள் பழுதாயின. பழி ஓட்டுநர் மேல் விழுந்தது. மாதந்தோறும் சம்பளத்தில் பிடித்தம். வண்டியின் கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. அவர் படித்ததோ எட்டாம் வகுப்பு, தமிழில். இப்பிடித்தம் நியாயமன்று என்பதே நம் கருத்து. ஆனால் தொலைபேசியில் சொன்ன சொல்லுக்குச் சாட்சி ஏது?

அதன் பின் அவருக்கு நாம் சொன்ன யோசனை ஒன்றுண்டு. வடித்ததைக் கொட்டிவிடாமல் தெளிவான கண்ணாடிப் புட்டியில் பிடித்துவைத்தல். தேதி, கிலோமீட்டர் எண், கடைசியாக டீசல் பிடித்த ரசீது ஆகியவற்றை அதனோடு சேர்த்து வைத்தல். எரியும் விளக்கைக் கைப்பேசியில் படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்புதல். கார்த்திகையில் மீண்டும் விளக்கு எரிந்தது. லோயர் கேம்ப்பிலேயே நிறுத்திப் புட்டியில் பிடித்தார். கால் பங்கு நீர். உரிமையாளர் புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ரசீதையும் வாங்கிக்கொண்டு, டீசல் பங்கிற்கே நேரில் போனார். அந்த மாதம் புதிய பிடித்தம் எதுவும் இல்லை. பழைய பிடித்தம் மட்டும் இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.