பெரிய பம்ப் போட்டால் கார் பறக்குமா?

கடலூரில் கார் வைத்திருக்கும் பலருக்கும் முள்ளோடைக் கணக்கு தெரியும். ஆல்பேட்டையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் புதுச்சேரி எல்லை. அங்கே வரி குறைவு என்பதால் பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் மலிவு. ரிசர்வ் விளக்கு எரிந்த பிறகும், ‘எல்லையில போட்டுக்கலாம்’ என்று ஓட்டுகிறவர்கள் உண்டு.

மஞ்சக்குப்பத்து இளைஞர் ஒருவரும் அப்படித்தான். செகண்ட் ஹேண்டில் வாங்கிய டர்போ பெட்ரோல் கார் அவருடையது. சிதம்பரத்தில் இருக்கும் அம்மாவைப் புதுச்சேரி மருத்துவமனைக்கு அழைத்துப்போவதும் அதில்தான். சில மாதங்களாக, லாரியை ஓவர்டேக் செய்ய ஆக்சிலரேட்டரை மிதித்தால் கார் ஒரு நொடி திணறியது. எதிரே பஸ் வரும்போது அந்த ஒரு நொடி சின்ன விஷயமில்லை.

மணிக்கு 255 லிட்டர் தள்ளும் ஹை-ஃப்ளோ பம்ப் போட்டால் சரியாகிவிடும் என்று வீடியோக்களைப் பார்த்து முடிவுசெய்தார். மெக்கானிக்கோ, “பம்ப் மாத்துறது இருக்கட்டும் தம்பி. மொதல்ல பிரஷர் எவ்வளவு வருதுன்னு பாப்போம்” என்றார்.

இன்றைய பெட்ரோல் கார்களில் ஃப்யூல் பம்ப் டேங்குக்குள்ளேயே, பெட்ரோலில் மூழ்கி இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் பின் சீட்டுப் பக்கம் இரண்டு விநாடி கேட்கும் மெல்லிய ரீங்காரம் அதனுடையதுதான். இன்ஜெக்டர் எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்பதை கம்ப்யூட்டர் முடிவுசெய்யும். பம்ப்பின் வேலை பிரஷர் குறையாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே.

100 குதிரைத்திறன் கொண்ட இன்ஜின், முழு வேகத்தில்கூட மணிக்குச் சுமார் 30 லிட்டர்தான் குடிக்கும். 255 லிட்டர் பம்ப் போட்டால் மிச்சமெல்லாம் டேங்குக்கே திரும்பும். அதனால் பவர் கூடாது. சில கார்களில் ரெகுலேட்டர் தாங்காமல் பிரஷர் எகிறும். அதிக கரன்ட் இழுப்பதால் பழைய ஒயர்கள் சூடாகும். பெரிய டர்போவும் பெரிய இன்ஜெக்டரும் மாட்டி, இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓடும் கார்களுக்கு இது அவசியம். அங்கே பெட்ரோல் போதாவிட்டால் சிலிண்டர் அளவுக்கு மீறிச் சூடாகி, பிஸ்டனே ஓட்டையாகலாம்.

கேஜ் மாட்டிப் பார்த்தபோது, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பிரஷர் இறங்கியது. பம்ப்பை வெளியே எடுத்தால், அடியில் இருக்கும் வலை ஃபில்டர் முழுக்கப் பழுப்பு நிறக் கசடு. பம்ப்பும் தேய்ந்திருந்தது. “பம்ப்பைக் குளிர வைக்கிறதே டேங்குல இருக்கற பெட்ரோல்தான். நீங்க எப்பவும் காலியா ஓட்டினா அது எப்படித் தாங்கும்?” என்றார் மெக்கானிக். ஒருமுறை டேங்க் நிரப்பினால் மிச்சமாவது நூறோ இருநூறோதான். புது பம்ப்புக்குப் பல ஆயிரம் ஆனது.

எல்லாப் பழியையும் ஓட்டுபவர் மேல் போடவும் முடியாது. ஃப்யூல் பம்ப் கோளாறுக்காக மாருதி சுஸுகி 2020 ஜூலையில் 1,34,885 வேகன்ஆர், பலேனோ கார்களைத் திரும்ப அழைத்தது. ஹோண்டா 2024 அக்டோபரில் 90,468 பழைய கார்களுக்கு இலவசமாகப் பம்ப் மாற்றித் தருவதாக அறிவித்தது. செகண்ட் ஹேண்டில் கார் வாங்குகிறவர்கள், அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் சேஸிஸ் நம்பரைப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. முதல் உரிமையாளர் அதைக் கவனிக்காமலே விற்றிருக்கலாம்.

இன்னொன்று, டேங்கைத் திறப்பது வீட்டு வாசலில் செய்கிற வேலை இல்லை. பேட்டரி இணைப்பைக் கழற்றி, காற்றோட்டமான இடத்தில், தெரிந்தவர்கள்தான் செய்ய வேண்டும்.

இளைஞரின் காரில் இப்போது இருப்பது கம்பெனி பம்ப்தான். திணறல் போய்விட்டது. முள்ளோடையில் பெட்ரோல் போடுவதை அவர் விடவில்லை. முள் கால் டேங்கைத் தொடும் முன்பே போட்டுவிடுகிறார், அவ்வளவுதான்.